ஆட்டிசம் மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டார்களா? ஒரு தந்தையின் கேள்விக்கு

கேள்வி இது: “என் மகனுக்கு நான்கு வயது. போன வருடம் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. ஒரு நாள் ‘ஆட்டிசம் மரபணு கண்டுபிடிப்பு’ என்று செய்தி வருகிறது, இன்னொரு நாள் ‘ஆட்டிசத்தில் நான்கு வகை’ என்கிறார்கள், ஆய்வுக்குக் கோடிக்கணக்கில் நிதி என்கிறார்கள். இதில் எங்களுக்கு உதவுவது எது? மரபணுப் பரிசோதனை செய்யலாமா? இரண்டாவது குழந்தை பற்றியும் யோசிக்கிறோம். கர்ப்ப காலத்தில் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டதுதான் காரணமோ என்று என் மனைவி தினமும் அழுகிறாள்.”

நான் மரபணுத் தரவுகளோடு வேலை செய்பவன், மருத்துவன் அல்ல. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனைவியிடம் இன்றைக்கே சொல்லுங்கள்: அந்த மாத்திரை (பாராசிட்டமால் என்றே எடுத்துக்கொள்கிறேன்) காரணம் இல்லை என்று சொல்ல நம்மிடம் வலுவான ஆதாரம் இருக்கிறது. 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு பாராசிட்டமாலையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டுப் பேசியதிலிருந்து உலகம் முழுக்கத் தாய்மார்கள் இப்படி அழுதுகொண்டிருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பே, 2024-இல், ஸ்வீடனில் ஏறக்குறைய 25 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை வைத்து இதே கேள்வியை ஆராய்ந்திருந்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு சின்ன தொடர்பு தெரிந்தது. அப்புறம் ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். ஒரு கர்ப்பத்தில் மாத்திரை எடுத்தவர், இன்னொன்றில் எடுக்காதவர். அந்த ஒப்பீட்டில் தொடர்பு மறைந்துபோனது. மாத்திரை தேவைப்படுகிற குடும்பங்களுக்கும் தேவைப்படாத குடும்பங்களுக்கும் இடையே ஏற்கெனவே இருக்கும் வேறுபாடுதான் முதலில் தொடர்புபோலத் தெரிந்திருக்கிறது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். தட்டம்மைக்கும் போடும் எம்எம்ஆர் தடுப்பூசி பற்றியும் யாராவது சொல்வார்கள். டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019-இல் வெளியான ஆய்வு அந்தச் சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை.

தாயைக் குற்றம் சொல்வது இந்தத் துறையின் பழைய நோய். 1943-இல் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது. அதன்பின் ஏறத்தாழ முப்பது வருடம், பாசம் காட்டாத அம்மாவால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று படித்தவர்களே நம்பினார்கள். அதை அசைத்தது ஒரு சின்ன ஆய்வு. 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளைப் பார்த்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவிலிருந்து வந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. வெறும் 21 ஜோடிதான். ஆனால் மரபணு ஆய்வு அங்கிருந்துதான் கிளம்பியது. 2019-இல் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 20 லட்சம் குழந்தைகளின் தரவு, ஆட்டிசம் வருவதில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் சுமார் 80 சதவீதத்தை மரபணு விளக்குகிறது என்று காட்டியது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 80 சதவீதம் என்றால் ‘உங்கள் பிள்ளைக்கு உங்களிடமிருந்து 80 சதவீதம் வந்தது’ என்று பொருள் இல்லை. அது ஒரு மக்கள்தொகைக்கான கணக்கு. ஒரு தனிக் குழந்தையின் கதையைச் சொல்ல அதனால் முடியாது. அந்தத் தனிக் கதையைக் கண்டுபிடிப்பதுதான் கடந்த இருபது வருடமாக நடந்துகொண்டிருக்கிற வேலை.

அந்த வேலையின் பெரிய திருப்பம் 2007-இல் வந்தது. அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஜோனதன் செபாட், மைக்கேல் விக்லர் குழுவினர், ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளின் குரோமோசோமில் ஒரு துண்டு குறைந்தோ கூடுதலாகவோ இருப்பதைப் பார்த்தார்கள். அம்மா அப்பா இருவரிடமும் அந்த மாற்றம் இல்லை. விந்திலோ முட்டையிலோ, அல்லது கரு உருவாகும் நேரத்திலோ புதிதாகத் தோன்றியது அது. மரபணு என்றாலே பரம்பரை என்று நினைக்கிறோம். மரபணுவில் இருந்தும் பரம்பரையில் இல்லாத ஒன்று உண்டு என்பது இங்கே கண்கூடாகத் தெரிந்தது.

இப்படிப் புதிதாகத் தோன்றும் மாற்றம் அபூர்வமானதும் இல்லை. நம் ஒவ்வொருவரின் டிஎன்ஏவிலும் பெற்றோரிடம் இல்லாத அறுபது எழுபது எழுத்து மாற்றங்கள் இருக்கின்றன. அப்பாவின் வயது ஒவ்வொரு வருடம் கூடும்போதும் ஏறக்குறைய இரண்டு மாற்றங்கள் கூடுகின்றன. பெரும்பாலானவை எங்கோ ஒரு மூலையில் விழுந்து எந்தப் பாதிப்பும் இல்லாமல் கிடக்கும். மூளை வளர்ச்சிக்குத் தேவையான மரபணுவின் நடுவில் விழுந்தால்தான் சிக்கல். ‘மரம்’ என்பதில் ஓர் எழுத்து மாறி ‘மறம்’ ஆனால் சொல்லின் பொருளே போய்விடுகிறது இல்லையா, அது ஒரு வகை மாற்றம். வாக்கியம் பாதியிலேயே நின்றுவிடுவது இன்னொரு வகை. இந்த இரண்டாவதுதான் பெரும்பாலும் கடுமையானது. அந்த மரபணுவின் ஒரு பிரதி முழுதாகச் செயலிழந்துவிடும்.

ஆனால் ஒரு குழந்தையிடம் ஒரு மாற்றத்தைப் பார்த்துவிட்டு இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஒரே மரபணு பல குழந்தைகளிடம் உடைந்திருந்தால்தான் சொல்லலாம். அதற்கு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேண்டும். இங்கேதான் பணம் கதைக்குள் வருகிறது. ஜிம் சைமன்ஸ் என்ற கணிதவியலாளர் முதலீட்டுத் துறையில் பெரும் செல்வம் சேர்த்தவர். அவரும் மனைவி மேரிலினும் தொடங்கிய சைமன்ஸ் அறக்கட்டளை, ஒரே ஒரு குழந்தைக்கு மட்டும் ஆட்டிசம் உள்ள 2,600 குடும்பங்களுக்கு மேல் சேர்த்து, அம்மா, அப்பா, பிள்ளை என எல்லோருடைய மாதிரிகளையும் தரவையும் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. 2016-இல் அதே அறக்கட்டளை ஸ்பார்க் என்ற திட்டத்தைத் தொடங்கியது. வீட்டிலிருந்தே உமிழ்நீர் மாதிரி அனுப்பலாம். ஆட்டிசம் உள்ள ஒரு லட்சம் பேருக்கு மேல் அதில் சேர்ந்திருக்கிறார்கள். சைமன்ஸ் 2024 மே மாதம் காலமானார். இன்றைக்கு வரும் ஆட்டிசம் மரபணுக் கட்டுரைகளில் நிறையவற்றின் தரவு எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் இந்தக் குடும்பங்களிடம்தான் போய் நிற்கும்.

அந்தத் தரவின் பலன் எண்ணிக்கையில் தெரிகிறது. 2020-இல் 35,584 பேரை ஆராய்ந்து 102 மரபணுக்களைப் பட்டியலிட்டார்கள். 2022-இல் 63,237 பேர். கடுமையான அளவுகோலில் 72 மரபணுக்கள், சற்றுத் தளர்த்தினால் 185. ஆகவே ‘ஆட்டிசம் மரபணு’ என்று ஒருமையில் எழுதுகிற செய்தியை நம்பாதீர்கள். அப்படி ஒன்று இல்லை. பட்டியலில் உள்ள எந்த மரபணுவும் ஆட்டிசம் உள்ளவர்களில் ஒரு மிகச் சிறிய பங்கினருக்கு மேல் விளக்குவதில்லை. அதே மரபணுக்களில் பல, அறிவுத்திறன் குறைபாட்டிலும் வலிப்பிலும்கூடப் பங்கு வகிக்கின்றன.

எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் பிடித்த விஷயம் எண்ணிக்கை இல்லை, அவை செய்யும் வேலை. 2020 பட்டியலின் 102 மரபணுக்களில் 58, மற்ற மரபணுக்களை எப்போது இயக்குவது, எப்போது அணைப்பது என்று பார்த்துக்கொள்பவை. சிஎச்டி8 அப்படிப்பட்டது. 24 மரபணுக்கள் நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், ஒன்றோடொன்று பேசுவதற்கானவை. ஷாங்க்3, எஸ்சிஎன்2ஏ இந்த வகை. வளர்ச்சியை நடத்துகிறவை ஒரு பக்கம், சினாப்ஸ் என்ற சந்திப்பில் வேலை செய்கிறவை ஒரு பக்கம். இவற்றில் பல, கரு தாயின் வயிற்றில் பாதி மாதங்களைக் கடக்கும் சமயத்தில், மூளையின் வெளியடுக்கான பெருமூளைப் புறணி உருவாகும்போது மும்முரமாக இயங்குகின்றன. பிறந்தபின் வளர்ப்பில் என்ன தவறு செய்தோம் என்று தேடுகிற பெற்றோருக்கு நான் எப்போதும் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

சரி, மீதிப் பேருக்கு என்ன காரணம்? எல்லோரிடமும் பரவிக் கிடக்கும் சாதாரண மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தாக்கமும் கடுகளவு. அவை சேர்ந்து ஒருவரை ஒரு பக்கம் லேசாகத் தள்ளுகின்றன. 2019-இல் டென்மார்க் தரவை மையமாக வைத்து, ஆட்டிசம் உள்ள 18,381 பேரிடம் செய்த ஆய்வில்தான் இப்படிப்பட்ட ஐந்து இடங்கள் முதன்முதலாக உறுதியாகப் பிடிபட்டன. இந்த வகை மாற்றங்கள் அதிகம் உள்ளவர்கள் சராசரியாகப் படிப்பில் சற்று மேலே இருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. புதிதாகத் தோன்றும் கடும் மாற்றங்களோ கற்றல் திறனைப் பாதிக்கின்றன. ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே இரண்டு எதிரெதிர் பாதைகள்! சரளமாகப் பேசும் ஒரு பொறியாளரையும் இருபது வயதில் ஒரு சொல்கூடப் பேசாத ஒருவரையும் ஒரே சொல்லால் அழைக்கிறோமே, அது ஏன் இவ்வளவு குழப்பமாக இருக்கிறது என்பது இதிலிருந்து கொஞ்சம் புரியும்.

நீங்கள் படித்த ‘நான்கு வகை’ செய்தி இந்தக் குழப்பத்தைப் பிரிக்கும் முயற்சி. 2025 ஜூலையில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஓல்கா டிரொயன்ஸ்கயா குழுவினர், ஸ்பார்க்கில் உள்ள 5,392 குழந்தைகளிடம் 230-க்கும் மேற்பட்ட பண்புகளை எடுத்துக்கொண்டு, யார் யாரோடு சேர்கிறார்கள் என்று கணினியை வைத்துப் பிரித்தார்கள். மரபணுவை முதலில் பார்க்கவே இல்லை. பிள்ளை எப்போது நடந்தான், எப்போது பேசினான், பதற்றம் உண்டா, கவனக்குறைவு உண்டா என்பதை மட்டும் வைத்து நான்கு கூட்டம் கிடைத்தது. வளர்ச்சிப் படிகளைச் சரியான வயதில் எட்டினாலும் சமூக, நடத்தைச் சிரமங்கள் அதிகம் உள்ளவர்கள் 37 சதவீதம். எல்லாச் சிரமங்களும் மிதமாக உள்ளவர்கள் 34. வளர்ச்சித் தாமதம் உள்ளவர்கள் 19. எல்லா வகையிலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் 10. அதன் பிறகு மரபணுவைத் திறந்து பார்த்தால், புதிதாகத் தோன்றிய கடும் மாற்றங்கள் அந்தக் கடைசிப் பத்து சதவீதத்தில் குவிந்திருந்தன. பெற்றோரிடமிருந்து வந்த அபூர்வ மாற்றங்கள் வளர்ச்சித் தாமதம் உள்ள கூட்டத்தில் அதிகம். முதல் கூட்டத்தில் பாதிக்கப்பட்ட மரபணுக்களோ பெரும்பாலும் பிறந்த பிறகு இயங்கத் தொடங்குபவை. அவர்களுக்கு ஆட்டிசம் தாமதமாகவே கண்டறியப்படுகிறது என்பதோடு இது அழகாகப் பொருந்துகிறது.

அதே வருடம் அக்டோபரில் வேறு ஒரு குழு வேறு வழியில் போய்க் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்தது. சின்ன வயதில் கண்டறியப்படும் ஆட்டிசத்துக்கும் பதின்பருவத்திலோ அதற்குப் பிறகோ கண்டறியப்படும் ஆட்டிசத்துக்கும் மரபணுப் பின்னணி பாதிக்கும் குறைவாகவே ஒத்துப்போகிறது என்றார்கள். பிந்தைய வகை, மனச்சோர்வோடும் கவனக்குறைவோடும் அதிகம் உறவு கொண்டது. இந்த இரண்டு கட்டுரைகளையும் நான் சமீபத்தியவற்றில் மிக முக்கியமானவை என்று கருதுகிறேன். ஆனால் உங்கள் மகன் நான்கில் எந்த வகை என்று சொல்லும் பரிசோதனை இன்றைக்குக் கிடையாது. யாராவது காசு வாங்கிக்கொண்டு சொல்ல முன்வந்தால் விலகிவிடுங்கள்.

மூளை ஆய்வில் என்ன நடந்திருக்கிறது? இறந்தவர்களின் குடும்பங்கள் தானமாகத் தந்த மூளைகளில் புறணியின் 11 பகுதிகளை 2022-இல் ஒப்பிட்டபோது, மரபணு இயக்கத்தில் மாற்றம் சமூக நடத்தைக்கான பகுதிகளோடு நிற்காமல் எங்கும் பரவியிருந்தது. மிக அதிகமாக இருந்தது பார்வைக்கான பகுதியில். வெளிச்சமும் சத்தமும் தாங்கமுடியவில்லை என்று ஆட்டிசம் உள்ளவர்கள் எவ்வளவு காலமாகச் சொல்லி வருகிறார்கள்! அவர்கள் சொன்னதை ஆய்வகம் தாமதமாகக் கேட்டிருக்கிறது.

சிகிச்சைப் பக்கம் தோல்விகளையும் சொல்ல வேண்டும். ஆக்ஸிடோசின் மூக்கு மருந்து 2021-இல் வெளியான பெரிய சோதனையில் பலன் தரவில்லை. புமெட்டனைடு மருந்தின் இறுதிக்கட்டச் சோதனையும் அதே வருடம் நிறுத்தப்பட்டது. பல காரணங்களால் ஒரே பெயரைப் பெற்றவர்களை ஒன்றாக வரிசையில் நிறுத்தி ஒரே மருந்தைக் கொடுத்ததும் இதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஒரு மரபணுவைக் குறிவைத்தவை வேறு விதமாக நகர்கின்றன. பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு வரும் ரெட் என்ற மூளை வளர்ச்சிக் குறைபாட்டுக்குக் காரணமான எம்இசிபி2 மரபணுவை ஹூடா சோக்பியின் குழு 1999-இல் கண்டுபிடித்தது. 2007-இல் ஏட்ரியன் பேர்ட் குழுவினர், அந்த மரபணு இல்லாமல் வளர்ந்த எலியில் அதை மீண்டும் இயக்கியபோது அறிகுறிகள் பின்வாங்கின. 2023 மார்ச்சில் ரெட்டுக்கான முதல் மருந்தான ட்ரோஃபினெடைடை அமெரிக்கா அனுமதித்தது. அது குணப்படுத்தும் மருந்து இல்லை, சில அறிகுறிகளைக் குறைக்கிறது. மரபணுவையே கொண்டுசெல்லும் சிகிச்சைகளும் சோதனையில் இருக்கின்றன. அதில் அபாயம் உண்டு. 2024-இல் அப்படியொரு சோதனையில் அதிக அளவு மருந்து பெற்ற ஒருவர் இறந்தார். அதோடு, எம்இசிபி2 குறைந்தாலும் நோய், கூடினாலும் நோய்.

என்னை நெகிழவைத்தது திமோத்தி குறைபாட்டின் கதை. இதயத்தையும் மூளையையும் பாதிக்கும் இது மிக மிக அபூர்வமானது, செல்லுக்குள் கால்சியத்தை விடும் ஒரு வாயிலில் வரும் மாற்றம். ஸ்டான்ஃபோர்டில் செர்ஜியு பாஷ்கா அந்தக் குழந்தைகளின் தோல் செல்களிலிருந்து நியூரான்களையும், பிறகு மூளைத்திசு உருண்டைகளையும் வளர்த்தார். அதை எலிக்குட்டியின் மூளையில் பதித்து வளர்த்து, தவறான பிரதியைத் தடுக்கும் ஒரு சிறு மரபுத்துண்டைச் செலுத்தியபோது அந்த மனித நியூரான்கள் சரியாக வளரத் தொடங்கின. 2024-இல் வெளியானது. இன்னும் எந்தக் குழந்தைக்கும் பலன் தந்த மருந்து என்று அதைச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு குழந்தையின் செல்லிலிருந்து தொடங்கி ஒரு மருந்தின் வாசல் வரை ஒரே ஆய்வகம் வந்து சேர முடிந்திருக்கிறது.

நிதி பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவில் 2006 முதல் இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. 2024 டிசம்பரில் அதை மேலும் ஐந்து வருடத்துக்கு நீட்டி, 195 கோடி டாலர் வரை செலவிட ஒப்புதல் தந்தார்கள். ஒப்புதல் வேறு, ஒதுக்கீடு வேறு. ஒவ்வொரு வருடமும் பட்ஜெட்டில் பணம் தனியாக வர வேண்டும். நீங்கள் படித்த நிதிச் செய்தி, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் 13 திட்டங்களுக்கு அறிவித்த ஐந்து கோடி டாலராக இருக்கலாம். மரபணுவும் சூழலும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதைப் பெரிய தரவுகளில் தேடுவது அதன் நோக்கம். கேள்வி நல்ல கேள்விதான். ஐரோப்பாவில் 2018-இல் தொடங்கிய எய்ம்ஸ்-2-டிரையல்ஸ் திட்டத்துக்கு 11.5 கோடி யூரோ கிடைத்தது.

எனக்கு இதில் ஒரு ஆதங்கம் உண்டு. பெரும் பங்கு உயிரியல் ஆய்வுக்குப் போகிறது, அதில் நானும் பிழைக்கிறேன். ஆனால் ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் வேலை, உடல்நலம், முதுமை பற்றிய ஆய்வுக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். உங்கள் மகனுக்கு இப்போது நான்கு வயது, அறுபது வருடம் வாழ்க்கை இருக்கிறது. நம்பிக்கையும் ஒரு பிரச்சினை. பிரிட்டனில் 10,000 பேரின் மரபணுவைச் சேகரிக்க 2021-இல் தொடங்கிய ஸ்பெக்ட்ரம் 10கே திட்டம், தரவை எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்று ஆட்டிசம் உள்ளவர்களே கேள்வி எழுப்பியதால் சில வாரங்களில் நிறுத்தி வைக்கப்பட்டது. அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதைத் திட்டம் போடும்போதே கேட்டிருக்க வேண்டும். இன்னொரு குறை, இந்தத் தரவுகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிக அதிகம். மற்றவர்களின் அறிக்கையில் ‘பொருள் தெளிவில்லாத மாற்றம்’ என்று அடிக்கடி வருவதற்கு அது ஒரு காரணம்.

இனி பரிசோதனை. செய்யலாம் என்பது என் கருத்து, ஒரு மரபணு ஆலோசகரோடு சேர்ந்து. எதிர்பார்ப்பை மட்டும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். நூறு பிள்ளைகளைப் பரிசோதித்தால் பத்து முதல் இருபது பேருக்குத்தான் தெளிவான காரணம் கிடைக்கும். வளர்ச்சித் தாமதமோ வலிப்போ இருந்தால் வாய்ப்பு கூடும். குரோமோசோம் துண்டுகளைப் பார்க்கும் மைக்ரோஅரே ஒன்று, எழுத்து மாற்றங்களைப் பார்க்கும் எக்ஸோம் ஒன்று. விடை கிடைத்தால் சில சமயம் மருத்துவமே மாறும். பல உறுப்புகளில் கட்டிகள் வளரும் டியூபரஸ் ஸ்க்ளீரோசிஸ் என்று வந்தால் சிறுநீரகத்தையும் மூளையையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். பிடென் மரபணு என்றால் பிற்காலத்தில் புற்றுநோய்க்கான கண்காணிப்பு வேண்டும். எஸ்சிஎன்2ஏ-இல் மாற்றம் இருந்து வலிப்பும் வந்தால், அந்த மாற்றம் மரபணுவின் வேலையைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்பதைப் பொறுத்து ஒரே வலிப்பு மருந்து நன்மையும் செய்யும், தீமையும் செய்யும். அப்புறம், அதே மரபணு மாற்றம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரைக் கண்டுபிடிக்கலாம். பல குடும்பங்களுக்கு அதுவே பெரிய துணை.

இரண்டாவது குழந்தை பற்றி: ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கும் குடும்பத்தில் அடுத்த குழந்தைக்கும் வர வாய்ப்பு சராசரியாக ஐந்தில் ஒன்று. ஆனால் இது சராசரிதான். உங்கள் மகனிடம் புதிதாகத் தோன்றிய மாற்றம்தான் காரணம், உங்கள் இருவரிடமும் அது இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தால், அதே மாற்றம் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு சுமார் 1 சதவீதமாகக் குறையும். அதனால் மகனுக்கு மட்டும் செய்யாமல் மூவருக்கும் சேர்த்து எக்ஸோம் செய்யக் கேளுங்கள்.

‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று அறிக்கை வந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். மூலத் தரவையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மரபணுப் பட்டியல் வருடா வருடம் நீள்கிறது. இரண்டு மூன்று வருடம் கழித்து அதே தரவை மறுபடி ஆராயச் சொன்னால், புதிதாக ஊசிகூடக் குத்தாமல் விடை கிடைத்த பிள்ளைகள் உண்டு. அதுவரை பேச்சுப் பயிற்சிக்காக எதற்காகவும் காத்திருக்க வேண்டாம். பேச்சு வராவிட்டால் படங்களைக் காட்டியோ கருவியைத் தொட்டோ தன் தேவையைச் சொல்லும் வழியை இப்போதே தொடங்குங்கள். அது பேச்சைத் தடுக்காது.